முதலில் பிரேக்கு, பிறகுதான் ஹெட்டு

போடிநாயக்கனூரில் தவசியின் பட்டறைக்கு ஜீப்பை ஓட்டிக்கொண்டு போய், “அண்ணே, ஏத்தத்துல திணறுது, எஞ்சின் ஹெட்டை இறக்கிப் பாருங்க” என்று சொல்லிப் பாருங்கள். மனுஷன் பானெட்டைத் தொடவே மாட்டார். ஜாக்கியைப் போட்டு வண்டியைத் தூக்கி, நாலு சக்கரத்தையும் கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டு, பிரேக்கு டிரம்முக்குள் தலையை விட்டுவிடுவார். லைனிங் தேய்ந்திருந்தால் மாற்றியே ஆக வேண்டும். ஆயில் கசிந்தால் அடைத்தே ஆக வேண்டும். அது முடிகிறவரை ஹெட்டைப் பற்றிப் பேச்சே கிடையாது.

“ஏண்ணே, தலைவலின்னு வந்தா காலுக்குக் கட்டுப் போடுறீக?” என்று டிரைவர்கள் கேலி பண்ணுவார்கள். அவர் சிரிக்க மாட்டார்.

“முதல்ல பிரேக்கு. பெறகுதான் ஹெட்டு. சம்மதம்னா வண்டிய விட்டுட்டுப் போ. இல்லேன்னா தேனியில எத்தனையோ பட்டறை இருக்கு, அங்க போ.”

ஒருத்தரும் தேனிக்குப் போக மாட்டார்கள். ஹெட்டு வேலையில் அவரை அடித்துக்கொள்ள அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. தேவாரத்திலிருந்தும் சிலமலையிலிருந்தும் வண்டிகள் அவரைத் தேடித்தான் வந்தன. “கைவேலைக்காரன், ஆனா கொஞ்சம் கிறுக்கு” என்று ஊர் ஒரே பேச்சில் முடித்துக்கொண்டது. ஊருக்கென்ன, எதையும் முடித்துக்கொள்ளும்.

கிறுக்கெல்லாம் ஒன்றும் இல்லை. ஒரு நாள், கையில் ஸ்குரூ டிரைவரோடு, குனிந்த தலை நிமிராமல் அவர் ஒரு பேச்சுச் சொன்னார். அந்தப் பேச்சைக் கேட்டு நடந்த அவருடைய தங்கை புருஷன் செத்துப்போனான். சொன்னது நான்தான் என்று தங்கையிடம் ஒப்புக்கொள்ள அவருக்குப் பன்னிரண்டு வருஷம் ஆனது. பிரேக்குப் பைத்தியம் பிடித்தது அந்த இடைக்காலத்தில்தான்.

அது ஆரம்பித்தது எழுபத்திரண்டில். அப்போது தவசிக்கு முப்பத்திரண்டு வயது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கம் தகரக் கூரை போட்ட பட்டறை. உள்ளே ஒரு லேத்து, ஒரு வைஸ், கொல்லுப் பட்டறைக்காரர் ஒருவர் விட்டுப்போன கையால் சுற்றிக் காற்றடிக்கிற துருத்தி ஒன்று. தாய் தகப்பன் போன பிறகு தங்கை சுருளியம்மாளைக் கட்டிக்கொடுத்தது அவர்தான். மாப்பிள்ளை காசிமாயன், சிலமலைக்காரன். ஏலக்காய் வியாபாரி சீனிச்சாமியின் ஜீப்பை ஓட்டினான். நல்ல பையன், குரலை உயர்த்திப் பேசத் தெரியாதவன்.

சீசனில் விடிந்ததும் காய் பறிக்கிற பெண்களை அள்ளிப் போட்டுக்கொண்டு மலை உச்சியில் இருக்கிற மேட்டுக்கு ஏற வேண்டும். சாயங்காலம் ஆட்களோடும் மூட்டைகளோடும் இறங்க வேண்டும். மேட்டுக்குப் பதினேழு கொண்டை ஊசி வளைவு. அந்த ஜீப்பு பன்னிரண்டாவது வளைவு வரைக்கும் ஒழுங்காக ஏறும். அங்கே வந்ததும் முக்க ஆரம்பித்துவிடும். பெண்கள் தூக்குச்சட்டியும் மழைக்குத் தலையில் போடுகிற கொங்காணியுமாக இறங்கி, மிச்ச ஐந்து வளைவையும் நடந்தே ஏறுவார்கள். சீசனில் சுருளியம்மாளும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி.

“மச்சான், பன்னெண்டாவது வளைவு வந்தா என் பொண்டாட்டியவே இறங்கி நடன்னு சொல்ல வேண்டியிருக்கு” என்றான் காசிமாயன். “மத்தவளுக எல்லாம் என்னைப் பாத்துச் சிரிக்கிறாளுக. இதுக்கு ஒரு வழி பண்ணுங்க.”

“வண்டி கிழடு மாப்ளே.”

“கிழடுன்னா கீழயும்ல திணறணும்? பன்னெண்டு வரைக்கும் நல்லாத்தான ஏறுது?”

தவசிக்கு அது சுருக்கென்று தைத்தது. அட, ஆமாம். மேலே போகப் போகக் காற்று லேசாகிறது. எஞ்சினுக்குப் பெட்ரோல் மட்டும் போதுமா? காற்றையும் இழுக்க வேண்டும். கீழே காற்று கனமாக இருப்பதால் இண்டு இடுக்கில் நுழைந்தும் போதுமான அளவு உள்ளே போய்விடுகிறது. மேலே அது போதவில்லை. அன்றைக்கே ஹெட்டை இறக்கினார்.

அந்த ஜீப்பில் காற்றை உள்ளே விடுகிற வால்வு நாலும் ஹெட்டில் இருக்கும். கார்பரேட்டரிலிருந்து வால்வு வரைக்கும் இரும்புக்குள் வார்த்த பாதை, அதற்குப் போர்ட்டு என்று பேர். விரலை விட்டுப் பார்த்தால் உள்ளே வார்ப்பு சொரசொரவென்று கொத்தின அம்மி மாதிரி இருந்தது. வளைவில் ஒரு முண்டு. எல்லாவற்றுக்கும் மேலே அந்தக் கைடு. வால்வுக் காம்பு ஆடாமல் மேலும் கீழும் போய்வரப் பிடித்துக்கொள்கிற குழாய்தான் கைடு. அதன் அடிமுனை காற்றுப் பாதைக்குள் மொட்டையாக நீட்டிக்கொண்டிருந்தது, சந்துக்கு நடுவில் உரலைப் போட்டு வைத்த மாதிரி.

மூன்று நாள் அரத்தைக் கட்டி அழுதார். எங்கே ராவுவது, எவ்வளவு ராவுவது, ஒன்றும் பிடிபடவில்லை. காற்று கண்ணுக்குத் தெரிகிற சாமானா என்ன?

அதைத் தெரியவைத்தது சுருளியம்மாள்தான். சீசன் இல்லாத மாதங்களில் அவள் இலவம் பஞ்சு சேர்த்து வைக்கிற கிட்டங்கிக்கு வேலைக்குப் போவாள். ஒரு நாள் மத்தியானம் அண்ணனுக்குச் சோறு கொண்டுவந்தாள். தலையெல்லாம் பஞ்சு. அவர் போர்ட்டுக்குள் கிடந்த இரும்புத்தூளை ஊதிவிடத் துருத்தியைச் சுற்றிக்கொண்டிருந்தார். அவள் குனிந்தபோது தலையிலிருந்து ஒரு துணுக்குப் பஞ்சு துருத்தி வாயில் விழுந்து, காற்றோடு போர்ட்டுக்குள் ஓடி, கைடு முனையில் ஒட்டிக்கொண்டு நடுங்கியது.

“இந்தாருண்ணே, ஒரு பஞ்சு போகவே வழியக் காணோம், இதுல வண்டி எங்கிட்டு ஏறும்?” என்று சிரித்தாள்.

தவசி சோற்றை மறந்து அந்தப் பஞ்சையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“ஆத்தா, நாளைக்கு வர்றப்ப ஒரு மடி பஞ்சு கொண்டா.”

அப்புறம் நடந்ததெல்லாம் அவருக்கே ஒரு கிறக்கம். பஞ்சைத் துணுக்குத் துணுக்காகத் துருத்தியில் போடுவார். அது எங்கே சுழல்கிறதோ, எங்கே ஒதுங்குகிறதோ, அங்கே அரம். அப்புறம் உப்புத்தாள். கைடை முதலில் அடியோடு வெட்டி மட்டமாக்கினார். வண்டி பறந்தது. ஆனால் இரண்டு மாதத்தில் பிடிமானம் இல்லாமல் வால்வு ஆடி, ஆயில் உள்ளே இறங்கி, நீலப்புகை கக்கியது. திட்டிக்கொண்டே புதுக் கைடு கடைந்தார். நீளத்தைத் தொடாமல், பாதைக்குள் நீட்டுகிற முனையை மட்டும் சீவிய பென்சில் மாதிரி இளைக்க வைத்தார். கார்பரேட்டரில் பெட்ரோல் பாய்கிற துளையான ஜெட்டை ஒரு மயிரிழை பெரிதாக்கினார். பஞ்சு எங்கேயும் தயங்காமல் இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வந்து விழுந்த அன்று, பட்டறையில் தனியாக நின்று ஒரு சீட்டி அடித்தார். ‘பஞ்சு மெக்கானிக்’ என்ற பட்டப்பேர் அதிலிருந்து வந்ததுதான்.

ஆவணியில் சீசன் தொடங்கி, ஜீப்பு மேட்டுக்கு ஏறியது. பன்னிரண்டாவது வளைவு வந்ததும் பெண்கள் வழக்கம்போலத் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்கள்.

“நிப்பாட்டுங்க, இறங்கணும்ல?” என்றாள் சுருளியம்மாள்.

“உக்காருடி” என்றான் காசிமாயன். வாழ்க்கையில் முதல் தடவையாக அவன் குரல் உயர்ந்தது. “உங்கண்ணன் கைவேலை இது.”

பதினேழு வளைவும் ஒருத்தி கூட இறங்கவில்லை. அன்றிலிருந்து சுருளியம்மாளுக்கு வாய் ஓயவில்லை. எங்கண்ணன் கை வச்சா சரியா இருக்கும், எங்கண்ணன் தப்பாச் சொல்ல மாட்டாரு. குழாயடியில், கிட்டங்கியில், காட்டில், எங்கே போனாலும் இதே பாட்டுத்தான். ஊரில் ஜீப்பு வைத்திருந்தவர்கள் எல்லாரும் பட்டறை வாசலில் வந்து நின்றார்கள்.

எழுபத்துமூன்று கடைசியில் பெட்ரோல் விலை திடுமென்று ஏறியது. ஊரே அதைப் பற்றித்தான் பேசியது. சீனிச்சாமி பட்டறைக்கு வந்தார். கூடவே காசிமாயன்.

“தவசி, ஏறுறது நல்லாத்தான் ஏறுது. ஆனா இது குடிக்கிற குடிக்கு நான் கிணறு வெட்டித்தான் பெட்ரோல் இறைக்கணும். இந்த வேலையெல்லாம் எனக்கு வேண்டாம்ப்பா. வேற பழைய ஹெட்டு ஒண்ணு வாங்கித் தர்றேன், அதை மாட்டிவிடு.”

தவசி அப்போது வேறொரு வண்டியின் கார்பரேட்டருக்கு மேல் குனிந்திருந்தார். உச்சந்தலையில் அடித்த மாதிரி இருந்தது அவருக்கு. மாதக்கணக்கில் கண்ணு மண்ணு தெரியாமல் உழைத்த ஹெட்டு. அதைக் கழற்றி மூலையில் போடுவதா? ஜெட்டைக் கொஞ்சம் சிறிதாக்கி, இரண்டு நாள் உட்கார்ந்து சரி பார்த்தால் பெட்ரோலும் ஓரளவு அடங்கியிருக்கும். அதைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ரோஷம் முந்திக்கொண்டது.

“ஹெட்டு மேல பழியப் போடாதீக. இறக்கத்துல எதுக்கு எஞ்சினை ஓட விடுறீக? மேட்டுல வச்சு அணைச்சுட்டு, நியூட்ரல்ல உருட்டிக் கொண்டாரச் சொல்லுங்க. ஏத்தத்துல குடிச்சது இறக்கத்துல மிச்சம்.”

சீனிச்சாமி முகம் மலர்ந்துவிட்டது. காசிமாயன்தான் தயங்கினான்.

“மூட்டையோட இறங்கையிலயுமா மச்சான்?”

“பின்ன பிரேக்கு எதுக்குடா இருக்கு?” என்றார் தவசி. தலையை நிமிர்த்தவே இல்லை.

அதுதான் அந்தப் பேச்சு. காலி வண்டியைச் சிலர் அப்படி உருட்டிக்கொண்டு வருவது அந்த மலையில் நடக்கிற காரியம்தான். ஆனால் லோடு வண்டியை இறக்கத்தில் பிடித்து நிறுத்துவது கியரில் ஓடுகிற எஞ்சின், பிரேக்கு அதற்குக் கைத்துணை மட்டும்தான் என்பது நேற்று ஸ்பேனர் பிடித்தவனுக்கும் தெரியும். தவசிக்குத் தெரியாதா? தெரியாமல் சொன்னார் என்றால் நமக்கும் மனசு ஆறும். தெரிந்தேதான் சொன்னார், தன் ஹெட்டைக் கழற்றிவிடக் கூடாதே என்பதற்காகச் சொன்னார்.

மார்கழி. மலையில் தூறல். அன்றைக்குப் பெண்கள் வேறு வண்டியில் முன்னாலேயே இறங்கிவிட்டார்கள். சுருளியம்மாளும் அவர்களோடுதான் வந்தாள். காசிமாயன் ஆறு மூட்டை ஏலக்காயோடு தனியாகப் பின்னால் வந்தான். சாயங்காலம் நாலு மணிக்கு ஒன்பதாவது வளைவில் வண்டி திரும்பவில்லை. நேரே போய்விட்டது.

ஆளைத் தூக்கி மேலே கொண்டுவந்த பிறகுதான் தவசி போய்ச் சேர்ந்தார். வண்டியைப் பார்க்க மெக்கானிக்கு வேண்டும் என்று அவரையே கயிற்றைப் பிடித்து இறங்கச் சொன்னார்கள். மூட்டை கிழிந்து சரிவெல்லாம் ஏலக்காய் சிதறிக் கிடந்தது. பிரேக்கு டிரம்மைத் தொட்டார். அவ்வளவு தூறலிலும் சூடு அடங்கவில்லை. டிரம்மு வெந்து நீலம் பாரித்திருந்தது. டிரைவர் சீட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தார். கியர் நியூட்ரலில் இருந்தது. சாவி அணைத்த நிலையில் இருந்தது.

மேலே ஆட்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் கீழே பார்க்கவில்லை. தவசி கையை நீட்டிச் சாவியைத் திருப்பி, ஓடுகிற நிலையில் வைத்தார்.

செத்தவன் மேல் பழி வரக் கூடாது என்றுதான் அப்படிச் செய்தேன் என்று அவர் ரொம்ப நாள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அது பாதிப் பொய். யார் அணைக்கச் சொன்னது என்ற கேள்வி வந்துவிடுமோ என்ற பயம் மீதிப் பாதி. “பிரேக்கு போயிருச்சு” என்றார். எல்லாரும் நம்பினார்கள். மழை, விதி, நேரம் என்று ஊர் பேசிக் கலைந்தது. சீனிச்சாமியும் வாயைத் திறக்கவில்லை. அவருக்கும் அதில் பங்கு உண்டல்லவா? இரண்டு வருஷத்தில் அவரும் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார்.

நொறுங்கிய வண்டி பட்டறைக்கே வந்தது. கியர் பெட்டியைப் பிரித்தபோது இரண்டாவது கியரின் பற்கள் புதிதாகச் சில்லு சில்லாக உடைந்திருந்தன. கடைசி நேரத்தில் கியரில் போட எத்தனை தடவை முட்டி மோதியிருக்கிறான், பாவம். ஓடுகிற வேகத்தில் அது விழவே இல்லை. தவசி அந்தப் பல் துண்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு லேத்துக்குப் பின்னால் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார்.

அதன் பிறகு சுருளியம்மாள் அண்ணன் பட்டறைப் பக்கம் வரவில்லை. வீட்டுக்கும் வரவில்லை. சந்தையில் எதிரே பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டு அடுத்த வரிசைக்குப் போய்விடுவாள். கூடப் பிறந்தவள், மடியில் பஞ்சு கட்டிக் கொண்டுவந்தவள், அப்படிப் போவாள்.

“என்னத்தப் பண்ணித் தொலைச்சீக அவள? ஏன் இப்படி ஒதுங்கிப் போறா?” என்று அவருடைய மனைவி பொன்னுமணி கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனாள். தவசிக்கு ஒரே ஒரு பதில்தான் தோன்றியது: அவளுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. இனி என் மூஞ்சியில் முழிக்க மாட்டாள்.

சொல்லிவிட வேண்டும் என்று அவர் நினைக்காத நாள் இல்லை. பதினாறாம் நாள் காரியத்தில் சொல்லப் போனார், அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். காசிமாயன் சாகும்போது சின்னப் பிள்ளையாக இருந்த அவள் மகள் பெரிய மனுஷியானபோது தாய்மாமன் சீர் சுமந்துகொண்டு போனார். சுருளியம்மாள் தட்டைக் கையில் வாங்காமல் பாயில் வைக்கச் சொல்லிவிட்டு உள்ளே போனாள். மகள் கல்யாணத்தில் தாய்மாமனாக மணவறையில் நின்றார். மாலை போட்டார். அன்றைக்கு எப்படிச் சொல்வது? நல்ல நாளும் அதுவுமாக எந்த மடையன் சொல்வான்?

சொல்ல முடியாததை எல்லாம் பிரேக்கில் காட்டினார். ஒரு வருஷம் ஹெட்டு வேலையையே தொடாமல் இருந்தார். வண்டிக்காரர்கள் வேறு பட்டறைகளில் கைடை ஒட்ட வெட்டிக்கொண்டு, வால்வு உடைந்து திரும்பி வந்தார்கள். அப்போதுதான் அந்தச் சட்டம் போட்டார்: முதலில் பிரேக்கு, பிறகுதான் ஹெட்டு.

அதோடு விட்டாரா? சீசன் மாதங்களில் சாயங்காலமானால் சைக்கிளை எடுத்துக்கொண்டு மலையடிவாரத்து முந்தலுக்குப் போய்விடுவார். இருளம்மாள் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, காதைத் தீட்டி வைத்துக்கொண்டு மலையைப் பார்த்திருப்பார். கண்ணால் பார்க்க அவருக்கு ஒன்றும் இல்லை. எஞ்சின் சத்தத்தோடு இறங்குகிற வண்டியை விட்டுவிடுவார். டயர் உரசுகிற சத்தம் மட்டும் கேட்டால் எழுந்து நடு ரோட்டுக்குப் போய்க் கையை விரித்துக்கொண்டு நிற்பார்.

“ஏண்டா, பொண்டாட்டி பிள்ளை இல்லையா ஒனக்கு? எஞ்சினை ஏண்டா அணைச்ச?”

“பெட்ரோல்ண்ணே…”

“பெட்ரோல் மயிரு! சாவியப் போடுடா!”

டிரைவர்கள் கெட்டிக்காரர்கள். கொஞ்ச நாளில், கடைசி இரண்டு வளைவு இருக்கும்போதே, “பஞ்சு மெக்கானிக்கு நிப்பாரு, ஸ்டார்ட்டைப் போடு” என்று எஞ்சினைப் போட்டுக்கொண்டு நல்ல பிள்ளைகளாக இறங்கினார்கள். மேலே பதினைந்து வளைவும் சத்தமில்லாமல்தான். அது தவசிக்குத் தெரியும். சத்தம் திடீரென்று கடைசி வளைவுகளில் முளைப்பது அவருக்குக் கேட்காதா?

“ஒனக்கே தெரியுதுல்லண்ணே, ஏமாத்துறானுகன்னு. பெறகு எதுக்கு இந்தப் பனியில வந்து உக்காந்திருக்க? வேற சோலி இல்லையா?” என்பாள் இருளம்மாள்.

“ரெண்டு வளைவாவது ஓட்டிட்டு வர்றானுகல்ல” என்பார்.

எண்பத்தாறு தொடங்கி ஒரு வாரம் இருக்கும். காலையில் பட்டறையில் ஒரு ஹெட்டைக் கவிழ்த்துப் போட்டுத் துருத்தியைச் சுற்றிக்கொண்டிருந்தார். வாசலில் நிழல் விழுந்தது. சுருளியம்மாள். கையில் ஒரு துணிப்பை, காலடியில் ஒரு டிரங்குப் பெட்டி. தலை பாதி நரைத்திருந்தது. பன்னிரண்டு வருஷத்தில் அவளை அவ்வளவு பக்கத்தில் அவர் நேராகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

“பூப்பாறைக்குப் போறேண்ணே. மக முழுகாம இருக்கா. மருமகனும் அங்கயே வந்து இருக்கச் சொல்லிட்டாரு. வீட்டை ஒழிச்சுக் குடுத்துட்டேன். இனி இங்கிட்டு வர்றது எப்பவோ. சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்.”

“உக்காரு ஆத்தா.”

“பதினோரு மணி பஸ்சு.”

“உக்காரு. ஒண்ணு சொல்லணும்.”

அவள் கவிழ்த்துப் போட்டிருந்த டப்பா மேல் உட்கார்ந்தாள். இன்றைக்கு விட்டால் இவள் மலையேறிப் போய்விடுவாள், அப்புறம் இதைச் சொல்லாமலேயே சாக வேண்டியதுதான் என்று தெரிந்தது. துருத்திப் பிடியை விடாமல், தரையைப் பார்த்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார். சீனிச்சாமி வந்தது, ஹெட்டைக் கழற்றச் சொன்னது, தனக்கு ரோஷம் வந்தது, எஞ்சினை அணைக்கச் சொன்னது. பிரேக்கு எதுக்கு இருக்கு என்று கேட்டது. பள்ளத்தில் சாவியைத் திருப்பி வைத்தது. உடைந்த கியர்ப் பல்லைக்கூட விடவில்லை.

“நான்தான் ஆத்தா அவனைக் கொன்னேன். வேற யாரும் இல்ல.”

வெளியே ஒரு பஸ்சு ஹார்ன் அடித்துக்கொண்டு போனது. சுருளியம்மாள் பெஞ்சிலிருந்து ஒரு துணுக்குப் பஞ்சை எடுத்து விரலில் உருட்டிக்கொண்டிருந்தாள்.

“அணைக்கச் சொன்னது தெரியும்ணே” என்றாள். “அன்னைக்கு வீட்டுக்கு வந்ததுமே அவுக சொன்னாக.”

தவசி நிமிர்ந்தார். “அதான் என் மூஞ்சியில முழிக்காம இருந்தியா?”

“இல்ல.” பஞ்சு அவள் விரலுக்குள் இறுகிக்கொண்டே போனது. “நீ சொன்னபடி மூணு நா இறக்கிப் பாத்தாக. நாலாம் நா சோத்துல கைய வச்சுக்கிட்டு, திங்காம உக்காந்திருந்தாக. என்னன்னு கேட்டேன். ‘சுருளி, வளைவுக்கு வளைவு எனக்குக் கை நடுங்குது. மச்சான்கிட்ட போயி நம்மால முடியாதுன்னு சொல்லிரவா’ன்னாக.”

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தவசி துருத்தியை விட்டுவிட்டார்.

“நான்தாண்ணே போகச் சொன்னேன். ‘எங்கண்ணன் தப்பாச் சொல்ல மாட்டாரு, பயந்தாங்கொள்ளி மாதிரி போயி நிக்காதீக’ன்னு சொன்னேன். சிரிச்சேன் வேற. மறுநா சாயங்காலம்தான் வண்டி உருண்டுச்சு. அவுக உன்கிட்ட வந்து கேட்டிருந்தா நீ வேண்டாம்னு சொல்லியிருப்ப. வரவிடாம பண்ணுனது நானு. உன்னப் பாத்தா இது வாயில வந்துருமோன்னுதான் இத்தன வருசம் ஒளிஞ்சு ஒளிஞ்சு போனேன். தெரிஞ்சா நீ என்னைய என்னன்னு நெனைப்ப?”

ஒரு நிமிஷம் தவசிக்கு நெஞ்சு லேசானது. உண்மையைச் சொல்ல வேண்டும் அல்லவா? தான் மட்டும் இல்லை என்று கேட்டதும் பன்னிரண்டு வருஷத்துப் பாரம் ஒரு பக்கம் இறங்கிய மாதிரி இருந்தது. அடுத்த நிமிஷமே, எதிரே குலுங்கிக்கொண்டிருந்த அந்த நரைத்த தலையைப் பார்த்து, அப்படி லேசானதற்காகத் தன்னையே அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. இவ்வளவு நாளும் இவள் எதிரே வரும்போதெல்லாம் இந்தப் பாரத்தோடா வந்தாள்? ஒரு தடவை வழிமறித்து நின்று தான் முதலில் சொல்லியிருந்தால்?

“ஆத்தா, இங்க பாரு” என்றார். “நீ என்ன சொன்ன? எங்கண்ணன் தப்பாச் சொல்ல மாட்டான்னுதான சொன்ன? என்னை நம்பித்தான சொன்ன? அப்ப அதுவும் என் கணக்குத்தான். அதையும் இங்க கொண்டா.”

சுருளியம்மாள் முகத்தைத் துடைத்தாள். இல்லை என்று தலையை ஆட்டினாள்.

“தர மாட்டேண்ணே. எம் புருசன் பயமா இருக்குன்னு என்கிட்டதான் சொன்னாக. வேற யாருகிட்டயும் சொல்லல. அது என்கிட்டயே இருக்கட்டும்.”

தவசி எழுந்தார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை கூட நடந்தார். ஜன்னலோர சீட்டுப் பிடித்துக் கொடுத்தார். வழியில் தின்ன முறுக்குப் பொட்டலம் ஒன்று வாங்கிக் கொடுத்தார். அவள் வாங்கிக்கொண்டாள். அதைக் கையில் வாங்கினாளே என்று அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. பஸ்சு கிளம்பும்போது அவள் வெளியே கையை நீட்டி, அவர் சட்டைக் காலரில் ஒட்டியிருந்த பஞ்சை எடுத்துவிட்டாள்.

“முந்தலுக்குப் போறப்ப துண்டைக் கட்டிக்கிட்டுப் போண்ணே. பனி அடிக்குது.”

“ஒனக்கு யாரு சொன்னா?”

“மேல இருக்கிற எல்லாருக்கும் தெரியும்” என்றாள். பஸ்சு முனையில் திரும்பி மறைந்துவிட்டது.

அன்று சாயங்காலமும் தவசி முந்தலுக்குப் போனார். துண்டைக் காதோடு கட்டிக்கொண்டால் வண்டிச் சத்தம் சரியாகக் கேட்காது. அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.